குண்டும் பொதிதுணியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தங்கியிருந்த காலத்தில், பழைய முறைத் துவக்குகளைச் சுட்டுப் பழகுவோர் கூடும் திடலொன்றுக்கு நண்பர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். ஆங்கே முதியவர் ஒருவர், வாய்வழியாக மருந்திட்டு நிரப்பும் நெடுந்துவக்கொன்றினால் ஐந்து வெடி வைத்தார். வைத்தபின் இலக்குப் பலகையை நோக்கி நடவாது, சில பாகத் தூரத்துப் புல்லிலே குனிந்து எதையோ பொறுக்கலானார். அருகே சென்று பார்த்தோம். கை நிறையக் கருகிய துணித் துண்டுகள்! ஒவ்வொன்றையும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "இன்றைக்குத் துணி பிழை" என்றார். இலக்கை அவர் இன்னும் பார்க்கவேயில்லை.

துணிக்கும் துவக்குக்கும் உள்ள உறவு அன்று எமக்கு விளங்கவில்லை. பின்னர் கேட்டும் கற்றும் அறிந்தவற்றை இம்மலரின் வாசகர்க்கு, சிறப்பாக விஞ்ஞான வகுப்பு மாணவர்க்கு, ஒருவாறு எடுத்துரைப்போம். நம் நாட்டில் துவக்கு வைத்திருத்தல் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டதாகலின், இதனைச் செய்முறைப் பாடமாகக் கொள்ளாது பௌதிகப் பாடமாகக் கொள்க.

வன்னிக் கமக்காரர் பன்றிக் காவலுக்கு வைத்திருந்த வாய்வழித் துவக்கை நம்மிற் பலர் அறிவர். மருந்தைக் கொட்டித் தும்புத் திரணையை இடித்து, மேலே சன்னத்தைப் போட்டு, மீண்டுந் தும்பு வைத்து இறுக்குவர். அத்துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பானது. தும்பின் வேலை மருந்தையுஞ் சன்னத்தையும் தத்தம் இடத்தில் நிறுத்துவது, அவ்வளவே. றைபிள் எனப்படும் புரித்துவக்கின் செய்தி வேறு. அதன் குழலினுள்ளே திருகாணிப் புரிபோலச் சால்கள் சுழன்று செல்லும். அச்சால்களைப் பற்றிக்கொண்டு வெளிவரும் குண்டு பம்பரம்போற் சுழலும். சுழல்வதனால் நெறி பிறழாது செல்லும். ஆனால் ஈயக்குண்டு சால்களைப் பற்ற வேண்டுமாயின் குழலை நிறைக்கும் பருமன் உடையதாதல் வேண்டும். அத்தகைய குண்டை வாய்வழியே உட்செலுத்தச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடித்தால் ஈயம் உருக்கெடும். இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது நெய்யிட்ட ஒரு துண்டுத் துணி. ஆங்கிலேயர் 'பச்' என்னும் இதனை நாம் பொதிதுணி என வழங்குவோம்.

குழலிலும் சற்றுச் சிறிய உருண்டைக் குண்டை எடுத்து, அதனை இத்துணியாற் பொதிந்து உள்ளே தள்ளுவர். துணி சால்களுட் புகுந்து அவற்றை நிறைக்கும். வெடிக்கும்போது குழலின் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பது துணியே. பின்னாலிருந்து முட்டும் வாயு பக்கங்களால் ஒழுகிப் போகாது அடைப்பதும், ஈயம் இரும்பில் உராய்ந்து ஒட்டாது காப்பதும் அதுவே. அடுத்த குண்டைத் தள்ளும்போது முன்னைய வெடியின் கரியைத் துடைத்துச் செல்வதும் அதன் தொழிலே. வாயை விட்டு வெளிவந்ததும் துணி காற்றில் விரிந்து பின்தங்கி விழும். குண்டு தனியே செல்லும்.

அளவைச் சற்றுப் பார்ப்போம். குழலின் உள்விட்டம் 0.500 அங்குலமாயின், குண்டின் விட்டம் 0.490 அங்குலமாகக் கொள்வது பெருவழக்கு. அப்படியாயின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள இடைவெளி 0.005 அங்குலம். இவ்விடைவெளிக்கு இடப்படுந் துணியின் தடிப்போ 0.015 அங்குலம், சிலவேளை அதற்கும் மேல். மும்மடங்கு தடித்த துணி அங்கே நெருக்குண்ணும். எஞ்சியது சால்களுட் செல்லும். மென்மையான ஈயத்தின்மேல் நெசவின் இழைத்தடம் பதிந்திருப்பதையுங் காணலாம். ஆயிரத்திலொரு பங்கு அங்குலம் கூடினாலுங் குறைந்தாலும் வேறுபாடு தெரியும் என்று அம்முதியவர் கூறியபோது, ஆய்கூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சியைக் கையிலெடுத்து, "இதனால் ஆருக்கென்ன பயன்?" என்று முணுமுணுத்த நாட்கள் எமக்கு நினைவில் வந்தன.

எத்துணியைத் தேர்வது? பழங்காலத்தார் லினன் துணியை விரும்பினர். மெல்லிய தோலையும் பயன்படுத்தினர். இக்காலத்தார் பெரும்பாலும் பருத்தியையே நாடுவர். மெத்தை, தலையணை தைக்கும் கோடிட்ட தடித்த துணி இதற்குப் பேர்போனது. நெசவு நெருக்கமாயிருத்தல் வேண்டும். இழை நழுவுந் துணி சால்களின் விளிம்பிலே கிழிந்துபோம். கடையில் வாங்கிய புதுத்துணியை முதலிற் கழுவிக் கஞ்சியைப் போக்குவர். கஞ்சியேறிய துணி விறைப்பாய் நிற்பதோடு நெய்யையுங் குடியாது. செயற்கை இழை கலந்த துணியை அறவே விலக்க வேண்டும். அது எரிவதற்குப் பதிலாக உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். ஐயமுண்டாயின் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி கடதாசிபோற் கருகிச் சாம்பராகும். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும்.

துணியை வட்டமாக வெட்டுவதா, சதுரமாக வெட்டுவதா என்று பலர் வாதிடுவர். குண்டுக்கு அது பற்றிக் கவலையில்லை. பழைய வேட்டைக்காரர் நீண்ட துணியொன்றைக் குழல்வாயில் விரித்து, குண்டை அழுத்தி, மேலே நிற்பதைக் கத்தியால் வாயோடு ஒட்ட அரிந்தெறிவர்.

இனி நெய்க்கு வருவோம். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற அளவிற் கலந்த தூள். அது எரிந்தபின் உண்டாகும் பொருளிற் பாதிக்கு மேற்பட்டது வாயுவன்று, திண்மம். பொற்றாசியங் காபனேற்று, பொற்றாசியஞ் சல்பேற்று முதலிய உப்புக்கள் குழலின் சுவரிற் படியும். இப்படிவு உலர்ந்தால் ஓடுபோல் இறுகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். நெய்யிடாத துணி இப்படிவின்மேல் வழுக்காது. மருந்தின் சூட்டிற் பொசுங்கியும் போம். ஆகவே நெய் படிவை இளக்க வேண்டும். துணியைச் சூட்டினின்று காக்க வேண்டும். ஆனால் கீழேயுள்ள மருந்தை நனைத்தலாகாது. இவை ஒன்றோடொன்று பிணங்குவன. இங்கேதான் தேர்வு கடினமாகின்றது.

எல்லாவற்றிலும் மலிவானது எச்சில். துணியை வாயிலிட்டு நனைத்துக் குண்டைப் பொதிந்து உடனே சுடுவர். நீர் உப்புக்களைக் கரைக்குமாதலால் இலக்குச் சுடுவோர்க்கு இது மிகவும் உகந்தது. வேட்டைக்காரனுக்கோ உதவாது, காலையில் நிரப்பிய துவக்கைத் தோளிற் சுமந்து மாலைவரை திரிபவன் எச்சில் துணியை நம்பினால், ஒன்றில் துணி உலர்ந்துபோம், அன்றேல் மருந்து நனைந்து குழல் துருவேறும். ஆகவே அவன் கொழுப்பை நாடினான். எல்லைப்புறக் குடியேறிகளுக்குக் கரடி நெய்யும் மான் கொழுப்புங் கிடைத்தன. கரடி நெய் குளிரிலும் இளகியே நிற்பதால் அவர்கள் அதனைப் போற்றினர். உப்பிட்ட பன்றிக் கொழுப்பு ஆகாது. உப்பு இரும்பைத் தின்னும். மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் கருமருந்தின் படிவோடு சேர்ந்து கீல்போலாகும் என்பது சுடுவோர் பலரின் அநுபவம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை சதமவளவிலேயே உருகிவிடும். நம் வெயிலில் அது தனியே நின்றால் மருந்துக்குள் வடிந்துவிடும். தேன்மெழுகோ 62 பாகைக்கு மேலேதான் உருகும்; தனியே நின்றால் குளிரில் விறைக்கும். இரண்டையும் கலந்தால் வேண்டிய பதம் வரும். விலங்குக் கொழுப்புச் செய்யும் வேலையைத் தாவர எண்ணெயும் மெழுகுஞ் செய்யும் என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்க, பின்னர் வேண்டியதாகும்.

முதியவர் பொறுக்கிய துணிகளுக்குத் திரும்புவோம். நல்ல துணி நடுவிற் கருத்து, விளிம்பு சிம்பு சிம்பாகி, மற்றும்படி முழுதாயிருக்கும். குண்டு குழலைத் தொடும் வட்டத்திலே எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் வாயு ஒழுகியது என்று பொருள்; தடித்த துணியோ பெரிய குண்டோ வேண்டும். கத்தியால் அரிந்ததுபோல் வெட்டுக்கள் இருந்தால், புதுக்குழலின் கூர்விளிம்பே குற்றவாளி. முழுதும் பொசுங்கியிருந்தால் நெய் போதாது. அன்று அவர் கையிலிருந்தவை வட்டமாக எரிந்திருந்தன. புதிய கடையொன்றில் வாங்கிய துணி மெலிதாம். இறுக்கமே நன்றென்று எண்ணி மிகத் தடித்த துணியைத் திணிப்பதும் அபாயம். குண்டு பாதிவழியில் இறுகி மருந்தோடு பொருந்தாது நின்றால், இடைவெளியோடு வெடிக்கும் குழல் வீங்கலாம், பிளக்கவுங் கூடும். தடிக்கோலில் அடையாளமிட்டுக் குண்டு அடிசேர்ந்ததைக் காணுமுன் எவருஞ் சுடார்.

போர்க்களத்திலே இத்துணி பெருந்தடையாயிற்று. பழகிய படைவீரன் வழுவழுப்பான குழலுடைய துவக்கினால் நிமிடத்துக்கு மூன்று வெடி வைப்பான். பொதிதுணியோடு புரித்துவக்கை நிரப்புவோன் ஒன்று வைப்பதே அரிது. பிரித்தானியப் படை 1800 இல் ஏற்றுக்கொண்ட பேக்கர் துவக்கின் அடிக்கட்டையில் நெய்யிட்ட துணிகளுக்கெனச் சிறு பேழையொன்று அமைந்திருந்தது. குண்டைத் தட்டி இறக்கத் தொடக்கத்தில் மரச்சுத்தியலுங் கொடுத்துப் பார்த்தனர். விரைவு வேண்டியபோது அவ்வீரரும் துணியை விட்டுக் கடதாசித் தோட்டாவையே நாடினர்.

1853 ஆம் ஆண்டின் என்பீல்ட் துவக்கு இத்தடையைப் பெரிதும் நீக்கியது. அதன் குழல்விட்டம் 0.577 அங்குலம். நீள்குண்டும் மருந்தும் ஒரே கடதாசிச் சுருளில் அடங்கியிருந்தன. வீரன் சுருளின் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, நெய்யிட்ட கடதாசியோடு குண்டை உட்செலுத்துவான். அஃதாவது துணியின் இடத்தைக் கடதாசி பெற்றது. நெய் மாத்திரம் மாறவில்லை. அந்நெய்யில் விலங்குக் கொழுப்பு இருந்தது. எந்த விலங்கின் கொழுப்பு என்பதை உறுதிசெய்ய எவரும் அக்கறை கொள்ளவில்லை. 1853 இல் இத்தோட்டாக்கள் சோதனைக்காக இந்தியாவுக்கு வந்தபோதே, கேணல் ரக்கர் என்னும் வங்காளப் படை அதிகாரி இந்நெய் சிப்பாய்களின் ஆசாரத்துக்கு மாறுபடாதிருத்தல் வேண்டுமென எழுதினார். அவ்வெச்சரிக்கை பயனற்றுப் போயிற்று.

1857 சனவரியில், கல்கத்தாவுக்கு அணித்தான டம்டம் பயிற்சி நிலையத்தில், பசுவின் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தோட்டாவிற் பூசப்படுகின்றன என்ற பேச்சு எழுந்தது. கடிக்க வேண்டிய பொருளாதலின், இந்துச் சிப்பாய்க்கும் முசிலிம் சிப்பாய்க்கும் ஒருசேர நெஞ்சிற் பட்டது. சிப்பாய்கள் முரட்டுத்தனமாக ஒன்றுஞ் செய்யவில்லை; மெழுகும் எண்ணெயும் பூசலாமே என்று பொறியியலுக்குப் பொருந்திய விடையையே கூறினர். அரசாங்கமும் அம்மாத இறுதியில் நெய்யிடாத தோட்டாவை வழங்கி, வேண்டியதைத் தாமே பூசிக்கொள்ள அனுமதித்தது. ஆயின் நம்பிக்கை அதற்குள் உடைந்துவிட்டது. ஐயம் நெய்யை விட்டுக் கடதாசியின் பளபளப்பின்மேற் சென்றது. பல்லாற் கடியாது கையாற் கிழிக்கலாமென விதியை மாற்றியும் பயனில்லை. ஏப்பிரில் 24 இல் மீரத்தில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்க்கு நீட்டப்பட்டவை புதிய என்பீல்ட் தோட்டாக்களல்ல, முன்பு வழங்கிவந்த பழையனவே. மே 9 இல் அவர்களை விலங்கிட்டனர். 10 இல் மீரத் எழுந்தது. அயோத்தி அரசை 1856 இல் கவர்ந்துகொண்டமை முதலாக வேறு பல காரணங்கள் அவ்வெழுச்சிக்கு உண்டு. எல்லாவற்றையும் கொழுப்பின்மேற் சுமத்துதல் வரலாறாகாது. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே கும்பனியின் ஆட்சி முடிந்துபோயிற்று.

1866 தொடக்கம் என்பீல்ட் துவக்குகளையே பின்வழியாக நிரப்பும் ஸ்னைடர் முறைக்கு மாற்றி, உலோகத் தோட்டாவை இடலாயினர். கடதாசியைக் கிழிக்கும் வேலையும் அதனோடு ஒழிந்தது. திடலிலிருந்து திரும்புமுன், துணிக்குத் தாம் இடும் நெய் எதுவென்று அம்முதியவரைக் கேட்டோம். சட்டைப் பையிலிருந்து சிறு தகரச் சிமிழொன்றை எடுத்துத் திறந்து காட்டினார். தேன்மெழுகும் ஒலிவ எண்ணெயும். வீட்டு அடுப்பிலே தாமே உருக்கிக் கலந்ததாம்.