சிறுநீரக நோயும் கைப்பேசிக் காட்சிகளும்

மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அதனை அருகிருந்து கொடுப்பவன் என்பன அவை. இந்நான்கனுள் அடங்காத ஐந்தாமவர் ஒருவர் இக்காலத்தில் நம் வீடுகளுட் புகுந்துள்ளார். கைப்பேசித் திரையில் தோன்றி மருத்துவம் கூறுபவரே அவர்.

கடுகண்ணாவையில் எம் அயலில் வாழும் பெரியவர் ஒருவர் பல்லாண்டாக நீரிழிவு உடையவர். ஒருநாள் அவர் என்னை அழைத்து, "மாஸ்டர், காமரங்காய்ச் சாற்றை வெறுவயிற்றிற் குடித்தால் சர்க்கரை இறங்குமாம். இலட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்களே, பொய்யாகுமா?" என்று ஒரு காட்சியைக் காட்டினார். யான் தமிழாசிரியன், வைத்தியனல்லன். ஆதலால் அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். குருதியைச் சோதித்தபோது அவருடைய சிறுநீரகம் முன்னரே தளர்ந்திருந்தமை தெரியவந்தது. சாறு அன்றோடு நின்றது.

காமரங்காயில் ஒட்சலேற்று மிகுதி. அது சிறுநீரகத்திற் படிகமாய்ப் படிந்து கேடு செய்யவல்லது. சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இன்னுமோர் இடருண்டு. அக்காயிலுள்ள கரம்பொக்சின் என்னும் நஞ்சினைப் பிறேசில் நாட்டு அறிஞர் 2013ஆம் ஆண்டில் இனங்கண்டனர். அது வெளியேறாது தேங்கின் விக்கலும் மயக்கமும் வலிப்பும் உண்டாகும், உயிர்க்கும் இறுதியாகலாம்.

சிறுநீரகம் ஓசையின்றி உழைத்து ஓசையின்றியே கெடுவது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 இலீற்றர் நீரைக் குருதியினின்று வடித்து, அதிற் பெரும்பகுதியை மீண்டும் உடலிற் சேர்த்து, ஒன்றரை இலீற்றர் அளவினையே சிறுநீராகக் கழிக்கின்றது. அதன் வலிமையிற் பாதி குன்றிய பின்னரும் நோவு தோன்றாதிருத்தல் உண்டு. 'நலமாயிருக்கிறேன்' என்னும் உணர்ச்சி ஈண்டுச் சான்றாகாது. குருதியிலுள்ள கிரியற்றினின் அளவும் சிறுநீரிற் புரதம் உண்டா என்னும் சோதனையுமே சான்று. பொய்ம்மருத்துவம் வேர்கொள்வது இவ்விடத்திலேதான். காட்சியிற் கண்டதைக் குடித்துக் குணமாயிற்றென்று ஒருவர் வாளாவிருக்கும் காலத்தில் நோய் முற்றிவிடுகின்றது. நெடுநாள் நோயால் அழிந்த சிறுநீரகம் மீள்வதில்லை.

இக்காட்சிகளிற் காணப்படும் குறைகள் பெரும்பாலும் மூன்று. ஒருவர்க்கு நன்றாவதை எல்லார்க்கும் நன்றென்பது முதலாவது. செவ்விளநீர் வெயிலில் உழைப்போர்க்கு நல்லது. சிறுநீரகம் செயலிழந்தோர்க்கோ அதிலுள்ள பொற்றாசியம் குருதியில் மிகுந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். மூலிகையாதலின் தீங்கில்லை என்பது இரண்டாவது. உடல் மெலிதற்கென உண்ட மூலிகையால் பெல்ஜிய நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டமை 1993ஆம் ஆண்டு முதலாக வெளிப்பட்டது. நம் நாட்டு ஈசுரமூலியும் அம்மூலிகையின் இனத்ததே.

துணியப்படாததைத் துணிந்துரைப்பது மூன்றாவது. வடமத்திய மாகாண உழவரைத் தாக்கும் சிறுநீரக நோய் 1990களிலிருந்து அறியப்பட்டது. கடின நீர், புளோரைட்டு, வேளாண் இரசாயனங்கள், வெப்பம் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன, முடிவு ஏற்படவில்லை. கிளைபோசேட் களைகொல்லி 2015ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டு, 2018ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் இசைவு பெற்றதை நம் தோட்டத்தார் அறிவர். அறிஞர் தயங்கும் இடத்தில், காட்சியாளரோ ஒரே காரணத்தை ஐயமின்றி அறுதியிட்டுரைக்கின்றார்.

மருத்துவச் செய்தியின் தரத்தை அளத்தற்கு 'டிசேர்ன்' என்னும் பதினாறு வினாக்கள் கொண்ட அளவுகோலொன்று இங்கிலாந்தில் வகுக்கப்பட்டு 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று. யூடியூப் காட்சிகளையும் ஆராய்ச்சியாளர் இதனால் அளக்கின்றனர். நமக்கு நான்கு வினாக்கள் போதும். சொல்பவர் யார்? எதனைச் சான்றாகக் காட்டுகின்றார்? தீங்கினையும் உடன் கூறுகின்றாரா? இறுதியில் எதனையேனும் விற்கின்றாரா? பார்த்தவர் தொகை இவற்றுள் எதற்கும் விடையாகாது.

காட்சிகள் யாவும் தீயன என்பது எம் கருத்தன்று. எழுத்தறியாத தாய்க்கும் விளங்குமாறு நற்றமிழிற் பேசும் வைத்தியரும் உளர். ஆனால் அவர் சிலரே. நல்லோர் வாளாவிருக்கும் அவையில் அல்லாதார் குரலே ஓங்கும். நம் பழைய மாணவருள் வைத்தியராயினோர் இவ்விழா ஆண்டிலேனும் எளிய தமிழில் பேச முன்வருக. இளைய மாணவர், கைப்பேசியும் கையுமாய் இருக்கும் தம் பாட்டனார்க்கு அந்நான்கு வினாக்களைக் கற்பிக்க. நோயுற்றவரை நேரிற் கண்டறியாதவர் வள்ளுவர் வகுத்த நால்வருள் ஒருவராதல் இல்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக.