மூளை நிணநீர்ப் புற்றும் கதிர்ச் சிகிச்சையும்

உடலைக் காக்கும் இரத்த வெள்ளணுக்களுள் லிம்போசைட்டு என்பது ஒரு வகை. இது கட்டுக்கடங்காது பெருகுவதால் உண்டாவதே நிணநீர்ப் புற்று. அருகி, அது மூளையிலேயே தோன்றுவதும் உண்டு. இந்நோய் இரு சாராரிடம் காணப்படுகிறது. ஒரு சாரார் எச்.ஐ.வி. தொற்று இல்லாதவர், இவர்களுட் பெரும்பாலோர் முதியோர். மற்றவர் எச்.ஐ.வி. தொற்றினால் எதிர்ப்பாற்றல் இழந்தவர். பின்னவர்க்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் பெரும்பாலும் 50-க்கும் குறைந்திருக்கும்.

லிம்போசைட்டு கதிர்களால் எளிதில் மடியும் அணுவாகும். எனவே கதிர் செலுத்தியதும் கட்டி விரைவில் கரைகிறது. நோய் கண்ணுக்குப் புலப்படாமல் மூளையெங்கும் பரவியிருக்கக் கூடுமாதலின், மூளை முழுவதற்கும் கதிர் அளிப்பது வழக்கமாயிற்று. எனினும், கரைந்த கட்டி மீண்டும் தோன்றுவதே பெருங்குறை. எச்.ஐ.வி. இல்லாதாரை ஆராய்ந்து 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூளை முழுவதற்கும் 40 கிரே, கட்டியுள்ள பகுதிக்கு மேலும் 20 கிரே என அளித்தும், ஏறக்குறையப் பாதிப்பேரே ஓராண்டைக் கடந்தனர்.

ஆகவே இன்று இவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தே, மூளையை எட்டத்தக்க பேரளவில், முதலில் அளிக்கப்படுகிறது. மருந்தினால் கட்டி முற்றும் மறைந்தவர்க்குக் கதிரின் அளவை 23.4 கிரேயாகக் குறைக்கும் முறையும் உண்டு. 60 வயதைக் கடந்தோர்க்கு முழு மூளைக் கதிரை இயன்றவரை தவிர்ப்பர்; ஏனெனில் பின்னாளில் மறதியும், நடைத் தள்ளாட்டமும், சிறுநீரை அடக்க இயலாமையும் அவர்களை வருத்தக்கூடும்.

எச்.ஐ.வி. உள்ளோர் நிலை வேறு. 1996-க்கு முன்னர், கதிர் அளித்தும் பெரும்பாலோர் சில திங்களே வாழ்ந்தனர். கட்டி கரைந்தாலும் எதிர்ப்பாற்றல் திரும்பாமையே காரணம். கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் இந்நிலை மாறியது. எதிர்ப்பாற்றல் மீளப்பெற்றவருட் சிலர் பல்லாண்டு வாழ்கின்றனர். இவர்க்கும் இயன்றவிடத்து மெத்தோட்ரெக்சேட் அளிக்கப்படுகிறது. அதைத் தாங்க இயலாதார்க்குக் கதிர் துணை நிற்கிறது. எதைக் கையாண்டாலும் எச்.ஐ.வி. மருந்து இன்றியமையாதது.

களப்பணியாளர் கருத்திற் கொள்ள வேண்டியவை சில. எச்.ஐ.வி. உள்ள ஒருவர்க்கு வலிப்பு, ஒருபக்க வலுவின்மை, பேச்சுக் குழறல், குணமாறுதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றின் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி நோயும் படத்தில் இதுபோன்றே தோன்றும். அதற்குச் சிகிச்சை வேறு. மருத்துவர் கூறாமல் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தல் ஆகாது. அது கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, நோயின் அடையாளத்தை மறைத்துவிடும்.

இவை யாவற்றினும் மேலானது தடுப்பு. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் எச்.ஐ.வி. மருந்து இலவசமாக அளிக்கப்பட்டு வருகிறது. தொற்றை விரைவில் அறிந்து, இம்மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொள்வோர்க்கு இப்புற்று வருவதே மிக அரிதாகும். அச்சமும் பழிச்சொல்லுமே மக்களைப் பரிசோதனையினின்றும் விலக்குகின்றன. அவற்றைப் போக்கும் பணி ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் உரியது.