சாமிக்கும் அடையாள அணிவகுப்பு

திருடனை நேரில் பார்த்தவர் சொல்லச் சொல்ல, போலீஸ் ஓவியர் முகத்தை வரைவார். தடயவியல் நிபுணர் மண்டையோட்டுப் படத்தைக் காணாமல் போனவரின் புகைப்படத்தோடு பொருத்திப் பார்ப்பார். இந்த ஒப்பீட்டு வேலை காவிரிக் கரையில் இன்னொரு வழக்குக்கும் கைகொடுக்கிறது: சிலைத் திருட்டு.

எல்லா நடராசரும் ஒரே மாதிரிதானே, இது உங்கள் ஊர்ச் சாமி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வக்கீல் கேட்டால் நியாயமான கேள்விதான். பதில் வார்ப்பு முறையில் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. திருவாசியில் ஒடிந்த சுடர், பீடத்துத் துளை, முயலகன் முதுகில் வார்ப்புக் குமிழ், அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு என்று பழைய படத்தையும் பிடிபட்ட சிலையையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடலாம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை எப்போதோ இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்றது விற்றவரின் ஆவணம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-ல் எடுத்த படத்திலோ சாமி கோயிலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். 2014 செப்டம்பரில் நாடு திரும்பினார். விற்ற சுபாஷ் கபூருக்கு, வேறொரு சிலைத் திருட்டான உடையார்பாளையம் கோயில் வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022-ல் பத்தாண்டு சிறை விதித்தது.

படமே இல்லாவிட்டால்? பத்தூர் நடராசர் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, பின்பு லண்டன் போனவர். சிலை யாருக்குச் சொந்தம் என்று அங்கே வழக்கு நடந்தபோது, அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளின் பாணி, ஒட்டியிருந்த மண், கரையான் தடம் எல்லாம் ஒப்பிடப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். கோயிலுக்குச் சாதகமாக 1988-ல் கிடைத்த தீர்ப்பு 1991 மேல்முறையீட்டிலும் நிலைத்தது. ஆனால் எல்லாச் சிலைக்கும் கரையான் சாட்சி கிடைக்காது.

திருவிழாப் படம் நம் ஊர்களில் நிறைய உண்டு. பட்டும் மாலையும் மறைத்த அந்தப் படங்கள் அடையாளத்துக்குப் பெரும்பாலும் உதவா. அறங்காவலர்களே, அர்ச்சகர்களே, அலங்காரம் களைந்த வேளையில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்புறம், பின்புறம், பீடத்தடி என்று உற்சவரைப் படமெடுத்து, தேதியையும் எடுத்தவர் பெயரையும் எழுதி ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியே பத்திரமாக வையுங்கள்.