பெருந்தமனியின் வேரில் ஒரு திசு வால்வு

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, சிலருக்கு அதன் வேர்ப்பகுதியிலேயே பலூன் மாதிரி வீங்கிவிடும். கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. 1968-ல் லண்டன் மருத்துவர்கள் ஹியூ பென்டாலும் ஆந்தனி டி போனோவும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: வீங்கிய பகுதிக்குப் பதிலாக, வால்வு பொருத்திய செயற்கைக் குழாயைத் தைத்துவிடுவது. இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் இரண்டு நாளங்களின் வாயையும் சட்டைப் பொத்தான் போல வட்டமாக நறுக்கி, அந்தக் குழாயில் துளையிட்டு, தலைமுடி போன்ற நூலால் இணைக்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். பார்க்கவே மலைப்பான வேலை!

இன்று மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்த திசு வால்வையும் இதில் வைக்கிறார்கள். வால்வுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டியதில்லை. ரத்தக்கசிவு பயமும் குறைவு. வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் திசுவில் மெல்லச் சுண்ணாம்பு படியும். பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். இள வயதினருக்குச் சீக்கிரமே கெட்டுவிடும். அப்போதும் பலருக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை நாளம் வழியாகவே பழைய வால்வுக்குள் புதியதைப் பொருத்திவிட முடிகிறது. திசு வால்வு வைத்தவர்கள் ஆண்டுதோறும் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.