திறந்து மூடும் கூரை... திரும்பி வராத தெருக்கள்!

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, 1970-களில் அங்கே எழுந்த வேங்கடேஸ்வரப் பெருமாள் கோயில்தான். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அப்பா அம்மாக்கள், முடிந்தால் ஒரு நடை போய்வரும் இடம். அந்தக் கோயிலிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் வந்தால், பளபளப்பான ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு அருகே, மேட்டுச் சரிவில் ஒரு பெரிய வெட்டவெளி பல ஆண்டுகள் கிடந்தது. கார் நிறுத்துவதைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை. நகரின் நடு மத்தியில், 28 ஏக்கர்!

அவ்வளவு விலைமதிப்புள்ள இடம் காலியாகக் கிடந்த கதை, ஊருக்கு ஒரு நல்ல பொது அரங்கம் வேண்டும் என்ற ஆசையில் தொடங்குகிறது.

1946-ல் பிட்ஸ்பர்க்கில் 'சிவிக் லைட் ஓபரா' என்ற இசை நாடகக் குழு ஆரம்பமானது. பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தில், திறந்தவெளியில் நாடகம். கூட்டம் நன்றாகவே வந்தது. கூடவே மழையும் வந்தது. அந்த ஊரில் ஜவுளி முதல் நாற்காலி வரை விற்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வைத்திருந்தவர் எட்கர் காஃப்மன். அருவி மேலேயே நிற்கும் 'ஃபாலிங்வாட்டர்' வீட்டைக் கட்டிக்கொண்டவரும் இவர்தான். ரசனைக்காரர். நட்சத்திரங்களைப் பார்த்தபடி நாடகம் பார்க்க வேண்டும். மழை வந்தால் கூரை மூடிக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் அரங்கம் கட்டினால் 10 லட்சம் டாலர் தருகிறேன் என்றார்.

ஆனால், 10 லட்சம் டாலரில் அரங்கம் கட்டி முடியாது. கட்ட இடமும் வேண்டும். மீதிப் பணம் யார் தருவது, கட்டியபிறகு யார் நடத்துவது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்?

இந்தக் கேள்விகளுக்கு பதிலாக வந்ததுதான் வாரியம். அங்கே அதற்கு 'அத்தாரிட்டி' என்று பெயர். மின்வாரியம், வீட்டு வசதி வாரியம் என்று நமக்குப் பழகிய சொல் இருப்பதால் வாரியம் என்றே சொல்லிவிடலாம்.

ஏழு நாற்காலிகள்

நகராட்சியே அரங்கத்தைக் கட்டிவிட்டுப் போகலாமே, தனியாக ஒரு வாரியம் எதற்கு என்று தோன்றும். முக்கியக் காரணம் கடன். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு நகராட்சி இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று வரம்பு உண்டு. வாரியம் தன் பெயரில் வாங்கும் கடன் அந்தக் கணக்கில் சேராது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அரங்கத்துக்கு வருபவர்கள் நகரத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? சுற்றிலும் உள்ள அலிகெனி கவுன்டியிலிருந்தும் வருவார்கள். கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நகரமும் கவுன்டியும் சேர்ந்து செலவு செய்ய, இருவருக்கும் பொதுவான ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

1953-ல் மாநில சட்டமன்றம் பொது அரங்க வாரியங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நகரமும் கவுன்டியும் ஆளுக்கொரு தீர்மானம் நிறைவேற்றி, மாநில அரசிடம் பதிவு செய்தால் போதும், வாரியம் பிறந்துவிடும். பிட்ஸ்பர்க்கில் 1954-ல் பிறந்தது. சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். சொத்து வாங்கலாம், விற்கலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடுக்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம். அந்தப் பத்திரத்தின் வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதால் முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கே பணம் தருவார்கள். வாரியத்தால் முடியாத பெரிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வரி போட முடியாது. வாங்கிய கடனை அரங்க வாடகையிலிருந்தும், நகரமும் கவுன்டியும் தரும் உதவியிலிருந்தும்தான் அடைக்க வேண்டும்.

யார் நடத்துவது? இன்றைய ஏற்பாட்டில் மொத்தம் ஏழு உறுப்பினர்கள். மூன்று பேரை மேயர் நியமிக்கிறார். மூன்று பேரை கவுன்டியின் தலைமை நிர்வாகி நியமிக்கிறார். ஏழாவது ஆளை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டில் மூன்று பேர், பெண் வீட்டில் மூன்று பேர், இரண்டு வீட்டுக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர் என்று உட்காருவோமே, கிட்டத்தட்ட அப்படி. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். எந்தப் பக்கமும் தனியாக ஆட முடியாது. தேர்தல் பயம் இல்லாததால் 30 ஆண்டுக் கடனை நிதானமாகத் திட்டமிடலாம்.

ஆனால், தேர்தல் பயம் இல்லை என்பதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. இந்த ஏழு பேரில் யாரும் உங்கள் வீட்டு வாசலுக்கு ஓட்டு கேட்டு வரப்போவதில்லை.

மேட்டுத் தெரு மக்கள்

அரங்கத்துக்கு இடம் தேடியவர்களின் கண் 'லோயர் ஹில்' மீது விழுந்தது. நகர மையத்தை ஒட்டிய மேட்டுப் பகுதி. கறுப்பின மக்கள் பெரும்பான்மை. இத்தாலி, சிரியாவிலிருந்து வந்தவர்களும் யூதர்களும் கலந்து வாழ்ந்த இடம். வைலி அவென்யூ என்ற தெருவில் சலூன், மருந்துக் கடை, சாப்பாட்டுக் கடை, ராத்திரி முழுக்க ஜாஸ் இசை. வீடுகள் பல பழசு, சில படுமோசம். அதைச் சொல்லித்தான் மொத்தமாக இடிப்பதற்கு நியாயம் கற்பித்தார்கள்.

இதை வெறும் வில்லன் கதையாகப் பார்க்க முடியாது. நகர மறுசீரமைப்புக்கான மாநிலச் சட்டம் வர உழைத்தவர்களில் ஹோமர் பிரவுனும் ஒருவர். கறுப்பினத்தைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர், பிறகு நீதிபதியானவர். பழைய வீடு போனால் நல்ல வீடு வரும் என்று அந்தப் பகுதியிலேயே பலர் நம்பினார்கள். மேயர் டேவிட் லாரன்ஸ் புகை மண்டிய இரும்பு நகரத்தைப் புதுப்பித்துக் காட்டியவர் என்ற பெயரெடுத்தவர். நம்பாமல் என்ன செய்வார்கள்?

நிலம் எடுக்கும் வேலையை 1946-ல் தொடங்கப்பட்ட இன்னொரு வாரியம், அதாவது நகர மறுசீரமைப்பு வாரியம் செய்தது. உரிமையாளர் மறுத்தாலும் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு. 1956 மே 31 அன்று முதல் கட்டடம் இடிந்தது. 95 ஏக்கர், சுமார் 1,300 கட்டடங்கள், 400-க்கும் மேற்பட்ட கடைகள், 8,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள். இப்படி அப்புறப்படுத்தப்படும் குடும்பங்களுக்கு உதவ நாடு தழுவிய விரிவான சட்டம் வந்தது 1970-ல்தான். அதற்குள் லோயர் ஹில்லே இல்லை.

இடிபட்டதில் பெத்தேல் என்ற தேவாலயமும் ஒன்று. 1808-லிருந்து வேரூன்றிய, கறுப்பின மக்களின் சபை. 1957-ல் அது தரைமட்டமானது. அதே வட்டாரத்தில் இருந்த எபிஃபனி கத்தோலிக்க தேவாலயம் மட்டும் தப்பித்தது. இன்றும் நிற்கிறது. பெத்தேல் சபையினர் இதைத் தலைமுறை தாண்டியும் மறக்கவில்லை.

இதே 'ஹில்' பகுதியில் பிறந்து வளர்ந்தவர்தான் நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன். 1969-ல் நடப்பதாக அவர் எழுதிய 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்தில், ஓர் உணவகத்தை நகராட்சி எடுத்துக்கொள்ளப் போகிறது. என் விலை 25,000 டாலர், ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டேன் என்று நிற்கிறார் முதலாளி மெம்ஃபிஸ். கடைசியில் அவருக்குக் கேட்டதைவிட அதிகமாகவே, 35,000 டாலர் கிடைக்கிறது. மேடையில் மெம்ஃபிஸ் ஜெயித்தார்.

இரண்டரை நிமிட அதிசயம்

1961 செப்டம்பரில் அரங்கம் திறந்தது. செலவு 2.2 கோடி டாலர். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 417 அடி விட்டமுள்ள எஃகுக் குவிமாடம், எட்டு இதழ்கள். பொத்தானை அழுத்தினால் ஆறு இதழ்கள் நகர்ந்து, நிலையாக நிற்கும் இரண்டு இதழ்களுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். இரண்டரை நிமிடத்தில் தலைக்கு மேல் வானம்! உள்ளே ஒரு தூண்கூட இல்லை. ஊர் மக்கள் செல்லமாக 'இக்லூ' என்றார்கள். ஆசைப்பட்ட காஃப்மன் மட்டும் பார்க்கவில்லை. 1955-லேயே இறந்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், யாருக்காகக் கட்டினார்களோ அந்த இசை நாடகக் குழு பத்தாண்டு முடிவதற்குள் வெளியேறிவிட்டது. அந்தப் பெரிய குவிமாடத்துக்குள் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. பீட்டில்ஸ் 1964-ல் வந்து பாடினார்கள். அந்தக் கூச்சலில் ஒலி அமைப்பு பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்! 1967-ல் 'பெங்குவின்ஸ்' ஐஸ் ஹாக்கி அணி வந்து குடியேறியது. இசை நாடகத்துக்காக வந்த கூரை, ஐஸ் ஹாக்கிக்குக் குடை பிடித்தது.

மேட்டில் இன்னும் மேலே போய் இடித்து, கலை வளாகம் ஒன்று கட்டவும் திட்டம் இருந்தது. 1960-களில் மக்கள் விழித்துக்கொண்டார்கள். கிராஃபோர்டு தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் மூலையில், இதற்கு மேல் ஒரு கட்டடத்தையும் தொடக் கூடாது, எங்களுக்கு வீடு வேண்டும் என்ற அர்த்தத்தில் பெரிய பலகை வைத்தார்கள். கலை வளாகத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மூலைக்கு இன்று 'ஃப்ரீடம் கார்னர்' என்று பெயர்.

வாரியம் தவறு செய்ததா? சட்டம் அதனிடம் அரங்கம் கட்டச் சொன்னது, கட்டியது. வீடிழந்த 8,000 பேரைப் பற்றி அதன் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அந்த நாற்காலிகளில் ஒன்று அவர்களுக்கென்று ஒதுக்கப்படவும் இல்லை. என் பார்வையில் கோளாறு ஆட்களிடம் இருந்ததைவிட, வாரியத்தைப் பெற்றெடுத்த காகிதத்தில்தான் அதிகம்.

ஓட்டும் மாற்று வழியும்

மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட சந்தர்ப்பமும் உண்டு. 1997-ல் புதிய விளையாட்டு மைதானங்கள் உள்ளிட்ட திட்டங்களுக்காக விற்பனை வரியை அரை சதவிகிதம் கூட்டலாமா என்று 11 கவுன்டிகளில் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று மக்கள் தோற்கடித்தார்கள். விஷயம் முடிந்தது என்றுதானே நினைப்போம்? அடுத்த ஆண்டே 'பிளான் பி' வந்தது. ஏற்கெனவே இருந்த விற்பனை வரியின் ஒரு பங்கு, மாநில அரசின் பணம், அணிகளின் பங்கு எல்லாவற்றையும் சேர்த்து 2001-ல் இரண்டு மைதானங்களும் திறந்தே விட்டன. இதற்கிடையே 1999-ல் அரங்க வாரியமும் 'விளையாட்டு மற்றும் கண்காட்சி வாரியம்' என்று பெயர் மாறி, பொறுப்பும் பெருத்தது.

2007-ல் ஹாக்கி அணி, புது அரங்கம் இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்ற நிலைக்கு வந்தது. பேச்சுவார்த்தை முடிவில் அணிக்குப் புது அரங்கம் கிடைத்தது. அந்த ஊர்ச் சூதாட்ட விடுதி ஆண்டுக்கு 75 லட்சம் டாலர், மாநில நிதியிலிருந்து இன்னொரு 75 லட்சம் என்று 30 ஆண்டுகளுக்கு ஏற்பாடு. பழைய இக்லூ நின்ற 28 ஏக்கரில் கட்டடங்கள் எழுப்பும் உரிமையும் அணிக்கே.

இந்த முறை ஹில் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஏகப்பட்ட அமைப்புகள் ஒன்றுசேர்ந்து பேரம் பேசி, 2008-ல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வேலைவாய்ப்பில் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை, அதோடு ஒரு பலசரக்குக் கடை. ஆமாம், கடைதான்! பால், காய்கறி வாங்க பஸ் ஏறி வேறு பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அதுதான் பெரிய கோரிக்கை. அணி 10 லட்சம், மறுசீரமைப்பு வாரியம் 10 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டன. 2013-ல் கடை திறந்தது. 2019-ல் மூடியது. 2024-ல் அதே வளாகத்தில் வேறொரு கடை வந்தது.

புது அரங்கம் 2010-ல் திறந்தது. பழையதைப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டடக்கலை ஆர்வலர்கள் போராடினார்கள். வாரியம் இடிக்க வாக்களித்தது. 2012-ல் இக்லூ முழுசாக மறைந்தது. 8,000 பேரை அனுப்பிவிட்டுக் கட்டிய அரங்கம் பயன்பட்டது 49 ஆண்டுகள்.

அதன்பின் கெடு மேல் கெடு. கட்டடம் வராத காலமெல்லாம் கார் நிறுத்தக் கட்டணம் வந்துகொண்டிருந்தது. அவசரம் எங்கிருந்து வரும்? 2021-ல்தான் 26 மாடி வங்கிக் கட்டடத்துக்கு அடிக்கல் விழுந்தது. அதே ஆண்டு, மேட்டையும் நகரத்தையும் பிரித்த நெடுஞ்சாலைக்கு மேலே மூடுபாலம் போட்டு, மூன்று ஏக்கரில் ஒரு பூங்காவைத் திறந்தது விளையாட்டு வாரியம். ஹில் பகுதியில் கடை நடத்தியபடியே மக்களுக்காகப் போராடிய ஃபிராங்கி பேஸ் என்ற பெண்மணியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இப்போதும் ஏழு பேரும் நியமனம்தான். ஆனால் கூட்டங்கள் திறந்த கதவுக்குள் நடக்க வேண்டும் என்று மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. 'சன்ஷைன்' சட்டம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் போய் உட்காரலாம், எழுந்து பேசலாம், கணக்குக் கேட்டு மனுப் போடலாம்.

பெத்தேல் சபையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. 2023 ஏப்ரலில் ஹாக்கி அணி, பழைய தேவாலயம் இருந்த இடத்துக்கு அருகே ஒன்றரை ஏக்கரை அந்தச் சபைக்கே விட்டுத்தருவதாக அறிவித்தது. இடித்து 66 ஆண்டுகள் கழித்து! அங்கே வீடுகள் கட்டப்போவதாகச் சொல்கிறார்கள்.