இரும்புக் கோழியும் ஒற்றைச் சோளமும்!
சிரிக்க வைத்தே நோயைச் சொன்ன 2 பெண்கள்

படிக்கும்போது வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். முடிக்கும்போது கண் கலங்கும். இன்டர்நெட்டில் எழுதிப் பேர் வாங்கி, பிறகு புத்தகம் போட்ட 2 அமெரிக்கப் பெண்களின் சேதி இது.

முதலாமவர் ஜென்னி லாசன். டெக்சாஸ்காரர். அப்பாவுக்குச் செத்த மிருகங்களைப் பாடம் பண்ணும் தொழில். செத்த அணிலைக் கையில் மாட்டி, பொம்மை போல் பேச வைத்து மகள்களை அலற வைத்தவர் அந்த அப்பா!

கல்யாணத்துக்குப் பிறகும் கூத்து நிற்கவில்லை. இனிமேல் ஒரு துண்டுகூட வாங்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டார் புருஷன். அம்மணி என்ன செய்தார் தெரியுமா? துண்டு வாங்கவில்லை. 5 அடி உயர இரும்புக் கோழியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, பெல்லை அடித்துவிட்டு ஒளிந்துகொண்டார்! 2011-ல் எழுதிய இந்தக் கதையை ஊரே படித்துச் சிரித்தது. 2012-ல் வந்த புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பாத்ரூமில் ஒளிந்தவர்

இவ்வளவு வாயடிக்கிற பெண், கூட்டத்தைக் கண்டால் நடுங்குவார்! விருந்துக்குப் போனால் பாத்ரூமில் ஒளிவார். மனச்சோர்வு, பதற்றம், மூட்டுவாதம் மூன்றும் உண்டு. தன் புத்தகத்தை ஒலிப்பதிவுக்கு வாசிக்கப் போன இடத்திலும் உதறல். எழுத்தாளர் நீல் கெய்மனிடம் யோசனை கேட்டார். நன்றாக வாசிக்கிறவர் போல நடித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. அப்படியே செய்தார், வாசித்தும் முடித்தார்! 2015-ல் போட்ட அடுத்த புத்தகத்தில் தன் மனநோயை ஒளிவுமறைவின்றி எழுதினார்.

செத்துப் போன மீன்

இரண்டாமவர் ஆலி பிராஷ். சின்னப் பிள்ளை கிறுக்கியது போலக் கம்ப்யூட்டரில் படம் போட்டுத் தன் கதையைச் சொல்பவர். 2011-ல் தன் மனச்சோர்வு பற்றி எழுதினார். அதோடு ஆளையே காணோம்! ஒன்றரை வருஷம் கழித்து, 2013 மே மாதம் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்.

சந்தோஷம், துக்கம் எதுவுமே இல்லை. உயிர் வாழும் ஆசையும் போய்விட்டது. தெரிந்தவர்களோ ஆளுக்கொரு புத்திமதி சொன்னார்கள். அதற்கு அவர் சொன்ன உவமையைக் கேளுங்கள்: மீன் செத்துப் போச்சு என்கிறாள் ஒருத்தி. நல்லாத் தேடிப் பாரு, எங்கேயாச்சும் இருக்கும் என்கிறார்கள் மற்றவர்கள்!

தாயிடம் சொன்னார். டாக்டரிடம் போனார். ஒரு நாள் சமையலறைத் தரையில் கிடந்து அழுதபோது, பிரிட்ஜுக்கு அடியில் காய்ந்த சோளமணி ஒன்று கண்ணில் பட்டது. காரணமே இல்லாமல் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியவில்லை! காணாமல் போன சிரிப்பு அப்படித்தான் திரும்பியது. அந்த வருஷமே புத்தகமும் வந்தது.

அட, இது நம்ம கதையாச்சே என்று இருவருக்கும் எழுதிய வாசகர்கள் ஏராளம். வெளியே சொல்ல வெட்கப்பட்டதை இவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்களே!

மனச்சோர்வு சோம்பேறித்தனம் அல்ல. வைத்தியம் உள்ள நோய். வீட்டிலோ, கடையிலோ, ஆபீசிலோ கலகலப்பாக இருந்த ஒருவர் திடீரென்று ஒதுங்கினால், சும்மா சிரிச்சுக்கிட்டு இருப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.