குழந்தைகளோடு காரில் ஊட்டிக்கா? கிலோமீட்டரை விடுங்க, குழந்தையோட நேரத்தைப் பார்த்து ப்ளான் போடுங்க!

லீவு விட்டாச்சு. மொபைலில் மேப்பைத் திறந்தால் சென்னையிலிருந்து ஊட்டிக்கு சுமார் 550 கிலோமீட்டர், பத்து பதினோரு மணி நேரம் என்று காட்டுகிறது. "விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பினா சாயங்கால டீ ஊட்டியில குடிச்சிடலாம்" என்று அப்பா கணக்குப் போடுகிறார். பின் சீட்டில் உட்காரப் போவது 5 வயது அக்காவும் 2 வயது தம்பியும்.

இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது தெரியுமா? மேப் சொல்வது கார் ஓடுகிற நேரத்தை மட்டும்தான். பால், டயப்பர், பாத்ரூம், வாந்தி, அழுகை எதுவும் அதில் இல்லை. இதையெல்லாம் சேர்த்தால் 14 மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். அதைவிட முக்கியமான விஷயம், மலைப்பாதை வருவது பயணத்தின் கடைசியில். டிரைவர் களைத்து, குழந்தைகள் துவண்டு, வெளிச்சமும் போன பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டி வரும்.

அப்போ எப்படித் திட்டமிடுவது? இதோ முழு விவரம்.

ஒரே நாளா, ரெண்டு நாளா?

சின்னக் குழந்தைகள் இருந்தால் ரெண்டு நாள்தான் சரி. மலை ஏறும் நேரத்தை முதலில் முடிவு பண்ணுங்க. மற்றதை எல்லாம் அதற்கு முன்னால் அடுக்குங்க. குழந்தை நல்லாத் தூங்கி எழுந்த காலை நேரமே மலை ஏறச் சரியான நேரம்.

முதல் நாள் காலை 5.30 மணிக்குக் கிளம்பலாம். குழந்தைகளைத் தூக்கத்தோடு சீட்டில் உட்கார வைத்தால் முதல் ரெண்டு மணி நேரம் சத்தமில்லாமல் போகும். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு சேலம். வெயில் தணிந்ததும் சங்ககிரி, பவானி தாண்டி பெருந்துறையில் தங்கலாம். இது 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

மறுநாள் அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போக சுமார் 2 மணி நேரம். 9 மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் மதியத்துக்குள் ஊட்டி.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துவது கட்டாயம். கைக்குழந்தையை அதற்கு மேல் ஒரே மூச்சாக சீட்டில் வைத்திருக்கக் கூடாது. 15 நிமிஷம் இறக்கி ஓட விடுங்க. டிரைவருக்கும் அதுதான் ஓய்வு.

வழியில் பார்க்க என்ன இருக்கு?

ஊட்டிக்குப் போய்த்தான் வேடிக்கை பார்க்கணும் என்று இல்லை. ஆத்தூர் நெருங்கும்போதே வலது பக்கம் கல்வராயன் மலை தெரிய ஆரம்பிக்கும். சேலத்தில் சேர்வராயன் மலை கூடவே வரும். குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவில் காவிரியைக் கடப்பீர்கள். குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், பாலம் வருகிற வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காது.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் கல்லாறு பாக்குத் தோப்புகள், பர்லியாறு பழக்கடைகள், அப்புறம் குன்னூர் தேயிலைத் தோட்டங்கள். குன்னூரைத் தாண்டினால் கேத்தி பள்ளத்தாக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரம் ஏறுவதால்தான் காட்சியும் மாறுகிறது, வயிறும் புரட்டுகிறது.

இ-பாஸ் எடுத்தாச்சா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்தது. நீலகிரிக்குள் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டது.

இதில் என்ன சிக்கல்? ரூம் புக் பண்ணிவிட்டு, பாஸை "போற வழியில எடுத்துக்கலாம்" என்று விட்டால், அந்தத் தேதிக்கு இடம் முடிந்திருக்கலாம். செக்போஸ்ட்டில் வெயிலில் குழந்தையோடு காத்து நிற்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் இ-பாஸ், அடுத்தது ரூம். அரசின் இ-பாஸ் இணையதளத்தில் மொபைல் நம்பர், வாகன எண், வரும் தேதி கொடுத்துப் பதிவு செய்யலாம். விதிகள் சீசனுக்கு சீசன் மாறும் என்பதால் கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்க. பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் காட்டலாம்.

மடியா, சீட்டா?

பெரும்பாலான குடும்பங்கள் தப்புப் பண்ணும் இடம் இதுதான். "குழந்தை என் மடியில இருக்கு, இறுக்கிப் பிடிச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்பார்கள்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் பாய்வார். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடியிலிருந்து விழுவதற்கு அது சமம். அந்த நொடியில் குழந்தையை எந்த அம்மாவாலும், எந்தப் பாட்டியாலும் கையால் பிடித்து வைக்க முடியாது. பாசத்தில் குறை இல்லை, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது, அவ்வளவுதான்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 194பி-யின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

எந்த வயதுக்கு எப்படி?

* 2 வயது வரையாவது, காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்தும் சைல்டு சீட். அதன் எடை, உயர வரம்பு இடம் கொடுத்தால் அதற்கு மேலும் தொடரலாம்.
* அதன் பிறகு முன்பக்கம் பார்த்தபடி, சீட்டுக்கே உள்ள பெல்ட்டோடு.
* அதுவும் சின்னதாகிவிட்டால் பூஸ்டர் சீட். உயரம் சுமார் 145 சென்டிமீட்டர் வந்த பிறகுதான் காரில் இருக்கும் பெரியவர்களுக்கான பெல்ட் சரியாகப் பொருந்தும்.
* எல்லாமே பின் சீட்டில்தான். ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் பின்பக்கம் பார்க்கும் சைல்டு சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

புது சீட்டைப் பயணத்தன்று முதல் தடவையாக மாட்டாதீர்கள். ரெண்டு வாரம் முன்னாடியே கடைக்கு, கோயிலுக்குப் போகும்போது உட்கார வைத்துப் பழக்குங்க. வாடகைக் கார் என்றால் உங்கள் சீட்டையே கொண்டுபோய் மாட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்க.

இன்னொன்று. "டீ வாங்கிட்டு வந்துடறேன், அஞ்சு நிமிஷம்" என்று தூங்கும் குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

மலை ஏறினா வாந்தி ஏன்?

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உடம்பு வளைஞ்சு வளைஞ்சு போகுது" என்று மூளைக்குச் சொல்கிறது. மொபைலையோ முன் சீட்டின் முதுகையோ பார்க்கும் கண், "எதுவும் அசையலையே" என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். 2 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு இது அதிகம்.

தீர்வும் இதிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் மொபைலை வாங்கி வைத்துவிடுங்க. தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்க. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்க. ஏறுவதற்கு முன்னால் ரெண்டு இட்லி போதும், பூரி மசால் வேண்டாம். அதற்காக வெறும் வயிற்றிலும் ஏறக் கூடாது. முகம் வெளிறி, கொட்டாவி விட்டு, திடீரென்று அமைதியானால் அது முன்னறிவிப்பு. பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்க.

மாத்திரை? குழந்தை நல மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பெரியவர்கள் போடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. புரோமெத்தசின் மருந்தை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

காது அடைப்புக்கும் வழி இருக்கு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்றால் வண்டியை நிறுத்திக் கொடுங்க. பெரிய குழந்தைக்கு மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்தால் போதும். விழுங்கும்போது காது திறக்கும்.

மலை ரயில் ஒரு நல்ல வழி

வளைவு ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை அம்மாவும் குழந்தைகளும் மலை ரயிலில் போகலாம், காரை அப்பா ஓட்டி வரட்டும். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அதே ரயில்தான். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஏறி முடிக்க ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். சின்னக் குழந்தைகளுக்கு அது நீளம். குன்னூர் டு ஊட்டி சுமார் 19 கிலோமீட்டர்தான். சீசனில் டிக்கெட்டை முன்பதிவு செய்வது அவசியம்.

பையில் என்ன, வெளியில் என்ன?

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும், ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்கும் தடை. செக்போஸ்ட்டில் சோதனை நடக்கும். எனவே வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்க. மாற்றுத்துணி ரெண்டு செட், பழைய துண்டு, வாந்திக்கு மூடி போட்ட ஒரு டப்பா, ஓஆர்எஸ் பாக்கெட், வழக்கமான மருந்து, ஸ்வெட்டர் எல்லாம் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். பயன்படுத்திய டயப்பரை மலையில் வீசாமல் பையில் கட்டிக் கீழே கொண்டு வாங்க.

குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். குழந்தை கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்கினால் குரங்கு பிடுங்க வரும். கல்லாறு, பர்லியாறு பகுதியில் யானைகள் ரோட்டைக் கடக்கும். பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்க. ஹாரன் வேண்டாம், செல்ஃபிக்கு இறங்கவும் வேண்டாம்.

இறங்கும்போது கவனம்

கோடை சீசனில் வழக்கமாக குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து அமல்படுத்தப்படும். கிளம்பும் முன் போலீஸ் அறிவிப்பைப் பாருங்க. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்க. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி. ஊட்டியிலிருந்து கிளம்புவதும் காலையில்தான், சாயங்காலம் வேண்டாம்.

நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. ரெண்டையும் போனில் சேமித்து வையுங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மண்சரிவு வருவதுண்டு. அந்த மாதங்களில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்த பிறகு கிளம்புங்க.

ஊட்டியில் எத்தனை இடம்?

ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும். காலையில் ஒன்று, மதியம் தூங்கி எழுந்து ஒன்று. 1848-ல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்கா புல்வெளியில் ரெண்டு மணி நேரம் ஓட விட்டாலே குழந்தைக்குத் திருவிழா. குன்னூர் சிம்ஸ் பூங்காவும் அப்படித்தான். ஏழெட்டு இடங்களை ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசைதான், குழந்தைக்கு அந்த லிஸ்ட் தெரியாது.

ஒரு இடத்தை விட்டுவிட்டு வந்தால் அடுத்த லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஊட்டி அங்கேயேதான் இருக்கும். ஆனால் சைல்டு சீட்டையும், பகல் வெளிச்சத்தையும் இந்தத் தடவையே விட்டுவிடாதீர்கள்.